பொங்கலுக்கு வெளியில் சாப்பிடலாமா?

கேள்வி: துபாயிலிருந்து மகனும் மருமகளும் பொங்கலுக்கு வருகிறார்கள். "நீங்க அடுப்படியில நிக்க வேணாம். பொங்கலன்னைக்கு மத்தியானம் எல்லாரும் மதுரைக்குப் போய் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாடு சாப்பிடுவோம்" என்கிறார்கள். மாமியாருக்கு 78 வயது. சைவம், பல்லும் சரியில்லை. போகலாமா? என்ன வாங்குவது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகப் போங்கள் ஆச்சி. பொங்கலன்று மட்டும் வேண்டாம். பால் பொங்கிவரும்போது சங்கு ஊதுகிற அந்த நிமிஷத்துக்காகத்தானே பிள்ளைகள் இத்தனை தூரம் வருகிறார்கள்? இந்த வருஷம் சங்கை மருமகள் கையில் கொடுங்கள். மறுநாள் கிளம்புங்கள், அதுவும் திருச்சிக்கு. மதுரைப் பக்கம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டுக் கூட்டம். ஓட்டல் திறந்திருக்குமா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன தீபாவளிக்கு மறுநாள் ஆத்தாவைத் திருச்சிக்கு இப்படித்தான் அழைத்துப் போனோம். முதலில் ஹம்மஸ் வந்தது. ரொட்டியைக் கிள்ளித் தொட்டு நாக்கில் வைத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எள்ளு அரைச்சிருக்காக. சிவக்க வறுக்கல" என்றார். சரியாகச் சொன்னார். வேகவைத்த கொண்டைக்கடலை, வெள்ளை எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, மேலே ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான் அது. பல் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. அடுத்தது பாபா கனூஷ். கோசமல்லிக்கு நாம் கத்திரிக்காயை வேகவைக்கிறோம். அவர்கள் தணலில் சுட்டுத் தோலுரித்து மசிக்கிறார்கள். புளிக்குப் பதில் எலுமிச்சை, கூடவே எள். ஆத்தா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

தப்பு நடந்தது அப்புறம்தான். வெள்ளை வெளேரென்று ஒரு கிண்ணம் இருந்தது. தேங்காய்ச் சட்னி என்று நினைத்து ஆத்தா ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டார். அது தூம். பச்சைப் பூண்டை எண்ணெய் விட்டு நுரைக்க அடிப்பது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாவம். உங்கள் மாமியார் பக்கம் அதை வைக்கவே வைக்காதீர்கள். விரத நாளில் பூண்டு சேர்க்காதவர் என்றால் ஹம்மஸையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபலாஃபெல் ஊறவைத்த கொண்டைக்கடலையை வேகவைக்காமல் அரைத்துப் பொரிப்பது. நம் மசால் வடைக்குத் தம்பி. சூடாக வந்ததும் பிட்டு, உள்ளே மெத்தென்று இருப்பதை மட்டும் கொடுங்கள். ஆனால் கோழி பொரித்த எண்ணெயிலேயே போடுகிறார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள். சோற்றையும் சூப்பையும் கறி வேகவைத்த தண்ணீரில் செய்வதுண்டு. திராட்சை இலையில் சுருட்டி வரும் சோற்றில் கொத்துக்கறி இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஆளுக்கு ஒரு தட்டு சொல்லாதீர்கள். அந்த ஊர்களில் சின்னச் சின்னத் தட்டுகளாக நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். அதற்கு மெஸ்ஸே என்று பெயர். ஆறு பேருக்கு முதலில் ஐந்து தட்டு போதும். தயிர் இல்லாமல் சாப்பாடு முடியாது என்பவருக்கு லப்னே இருக்கிறது, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். பக்லாவா என்பது மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் பருப்பு வைத்துப் பாகு ஊற்றிய பலகாரம், ரொம்பத் தித்திப்பு. இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள்.

இன்னொன்று. சில ஓட்டல்களில் தரையில் மெத்தை போட்டு உட்கார வைக்கிறார்கள். போன் செய்யும்போதே மேசை நாற்காலி உள்ள இடமாகச் சொல்லிவையுங்கள். 78 வயதில் கீழே உட்கார்ந்து எழுந்திருப்பது சிரமம்.