நெசமாவே உபயோகமான புது ஆப், நெட்ல ஓடுற கருவி எல்லாம் எங்க தேடி கண்டுபிடிக்கிறீங்க?

நீங்க எழுதியிருக்கிறத பாத்தா, ரிவ்யூ வீடியோ பாத்து ஸ்மார்ட் பல்பு, பேசுற ஸ்பீக்கர்னு வாங்கி ரெண்டு வாரத்துல சலிச்சுப்போய், மூளைய வெச்சு செஞ்ச பொருள் ஒண்ணாவது இருக்கான்னு தேடுற ஆள்னு தெரியுது. வேலை சென்னைலயோ பெங்களூருலயோ, ஊர்ல அப்பா அம்மா, கொஞ்சம் நிலம்னு நானா வெச்சுக்கறேன், ஏன்னா என் பதில் அங்கதான் போகுது. விக்கிறவங்ககிட்ட தேடாதீங்க, ரிப்பேர் பண்றவங்ககிட்ட போய் கேளுங்க.

எங்களுக்கு உடுமலை பக்கம் தென்னந்தோப்பு, ஊடால கொஞ்சம் மக்காச்சோளம் போடுவோம். ஒரு தடவ போர் மோட்டார் காயில் போயிருச்சு. மோட்டாருக்கு வர்ற மூணு பேஸ் (மும்முனை) லைன்ல ஒண்ணு கட்டாகியும் மோட்டார் ஓடிட்டே இருந்தா மிச்ச ரெண்டு பேஸ்லயும் கரண்ட் கூடுதலா இழுத்து காயில் கருகிரும், இது தோட்டக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். சப்மெர்சிபிள வேற குழாய் குழாயா கழட்டி மேல எடுக்கணும், அந்த கூலியே பாதி செலவு. அத எடுத்துட்டு ரீவைண்டிங் கடைக்கு போனேன். அங்க செவுத்துல ஒரு பெட்டி, மேல கட்டை விரல் நீளத்துக்கு ஆண்டெனா, உள்ள பச்ச லைட்டு மினுக்கிட்டு இருக்கு. கடைத் தம்பி தன்னோட பட்டன் போன்ல இருந்து அதுக்கு ஒரு கால் போட்டான், ஒண்ண அமுக்குனான், டக்குனு காண்டாக்டர், அதான் மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச், புடிக்கிற சத்தம், அந்தப்பக்கம் தமிழ்ல ஒரு பொம்பள குரல் "மோட்டார் ஆன் ஆகிவிட்டது"ன்னு சொல்லுது. "அக்கா, கருகுனத சுத்திக் குடுக்குறது என் பொழப்புதான், ஆனா இத மாட்டுனா நீங்க அடிக்கடி வர வேண்டியதில்ல"ன்னான். தன் வருமானத்தக் கொறைக்கிற பொருள ஒருத்தன் சிபாரிசு பண்றான்னா அத விட நம்பகமான ரிவ்யூ எனக்கு தெரியல.

மொபைல் ஸ்டார்ட்டர்னு சொல்றாங்க, போன்லயே மோட்டார போடவும் நிறுத்தவும் செய்யுற பெட்டி. உள்ள இருக்கறது ஒரு மோடம், ஒரு சிம், கரண்ட் அளக்குற சென்சார், அவ்வளவுதான். ஆனா அத வெச்சு என்ன பண்றாங்கன்னு பாருங்க, போர்ல தண்ணி வத்துனா மோட்டார் இழுக்குற ஆம்பியர் கொறையும், அத வெச்சே தண்ணி இல்லன்னு கண்டுபிடிச்சு தானா நிறுத்திருது, கெணத்துக்குள்ள தனியா எந்த சென்சாரும் எறக்க வேண்டியதில்ல. ஆம்பியர் ஏறுனா ஓவர்லோடு, அதுக்கும் நிறுத்தும். ஒரு பேஸ் போனாலும் நிறுத்தும். நிறுத்திட்டு சும்மா இருக்காம நமக்கு கால் பண்ணி காரணத்தையும் சொல்லும். நாம பதிஞ்சு வெச்ச நம்பர் தவிர வேற யாரு கூப்பிட்டாலும் மோட்டார போடாது.

எங்க அய்யன் ஸ்மார்ட்போன் தொடமாட்டார், அதனால வேண்டாம்னுட்டார். மாட்டுன அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கறப்ப அவர் போனுக்கு கால் வந்துது, "மும்முனை மின்சாரம் வந்துவிட்டது"ன்னு அந்தப் பொண்ணு சொல்லவும், இவரு "சரிங்க அம்மிணி"ன்னு மரியாதையா பதில் சொல்லிட்டு ஒண்ண அமுக்குனார். வருசக்கணக்கா த்ரீ பேஸ் ராத்திரி எப்ப வருதோ அப்ப எந்திரிச்சு டார்ச்சோட வரப்புல நடந்த மனுசன். கட்டுவிரியன் ராத்திரிலதான் நடமாடும், கடிச்சா பல நேரம் வலி கூட தெரியாது. எங்க பக்கம் மோட்டார் போட போய் கடி வாங்குனவங்கள எனக்கு நேர்லயே தெரியும். ஒரு கருவி மனுசன் உசுர காப்பாத்துதுன்னா அதவிட என்ன புத்திசாலித்தனம் வேணும்?

இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா, நெட்டே இல்லையேன்னு சில பேர் வருவாங்க. புதுசா வர்ற 4ஜி மாடல்ல ஆப்பே இருக்கு, வோல்டேஜ், ஆம்பியர், எத்தன மணி நேரம் ஓடுச்சு எல்லாம் சென்னைல உக்காந்து பாக்கலாம். நெட் இல்லன்னாலும் போன் கால்ல ஓடுது பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம். அமெரிக்கால ரிவால்வ்னு 300 டாலருக்கு வித்த ஒரு ஸ்மார்ட் ஹோம் பெட்டி, கம்பெனிய 2014ல கூகுளோட நெஸ்ட் கம்பெனி வாங்குச்சு, 2016 மே மாசம் சர்வர நிறுத்துனாங்க, வாங்குனவங்க வீட்ல பெட்டி மொத்தமா செத்துப்போச்சு. 2022 ஏப்ரல்ல இன்ஸ்டியான்ங்கற இன்னொரு ஸ்மார்ட் ஹோம் கம்பெனி சர்வரும் சொல்லாம கொள்ளாம நின்னுச்சு. அதனால எந்த கருவி பாத்தாலும் கம்பெனி மூடிட்டா இது ஓடுமான்னு மொதல்ல கேளுங்க. போன்ல மோட்டார் போடுற யோசனைய புனேக்காரர் சந்தோஷ் ஓஸ்ட்வால் நானோ கணேஷ்னு செஞ்சு 2009லயே நோக்கியா போட்டில பரிசு வாங்கிட்டார். பம்புக்கு பேர் போன கோயம்புத்தூர் நமக்கு பக்கத்துல இருந்தும் எத்தன யூடியூப் சேனல்ல இதப்பத்தி பேசுறாங்க சொல்லுங்க.

இன்னொரு கூட்டம் வரும், கரண்ட் வந்ததும் தானா ஓடுற ஆட்டோ மோடால தண்ணி வீணாகுது, இலவச கரண்ட்டுதானேன்னு ஓட விடுறீங்கன்னு. ஆட்டோலயே போட்டு விட்டுட்டு போனா போர் வத்தும், அது உண்மை, அதுக்குத்தான் டைமர் இருக்கு, நாங்க டைமர் வெச்சு சொட்டுநீர்லதான் பாய்ச்சுறோம். ஆனா "இலவச கரண்ட்"ங்கற வார்த்தைய சொல்றப்ப கொஞ்சம் தெரிஞ்சுட்டு சொல்லுங்க. 1970 ஜூன்ல யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்துனத எதுத்து திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர்ல போராடுன விவசாயிங்க மூணு பேர போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. 1972ல விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமைல கோயம்புத்தூருக்குள்ள மாட்டு வண்டிய கொண்டுபோய் நிறுத்துனாங்க. அப்புறம் எத்தனையோ வருசம் கழிச்சுத்தான் எல்லா விவசாயிக்கும் இலவசம்னு வந்துது, சும்மா யாரும் தூக்கிக் குடுக்கல. கல்யாண வீட்ல, ஆபீஸ் கேன்டீன்ல எல்லாம் இத சொல்லிக்காட்டுறவங்க இருக்காங்க, அவங்க சாப்பிடுற தேங்கா சட்னிக்கு தண்ணி பாய்ச்சுனது அந்த கரண்ட்டுதான். கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா இத எழுதாம என்னால இந்த பதில முடிக்க முடியாது.

சிம் விசயம்தான் தொல்லை. பெட்டிக்கு டேட்டாவே வேண்டாம், ஆனாலும் டேட்டாவோட சேத்துத்தான் 28 நாளைக்கு ஒருக்கா ரீசார்ஜ் பண்ணிட்டு இருந்தோம். 2024 டிசம்பர்ல டிராய், அதான் போன் கம்பெனிகள கட்டுப்படுத்துற மத்திய அரசு ஆணையம், கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கற பேக் குடுத்தே ஆகணும்னு உத்தரவு போட்டுது, இப்ப அந்த மாதிரி நீண்ட நாள் பேக் கிடைக்குது, கடைல அவங்களா சொல்லமாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

ஆப்பும் இப்படித்தான் கிடைச்சுது. அதே ரீவைண்டிங் தம்பிதான் தாமினி ஆப்ப காட்டுனான். புனேல இருக்கற ஐஐடிஎம், அந்த வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம், செஞ்சது. நாம இருக்கற இடத்த சுத்தி எங்க இடி மின்னல் விழுதுன்னு காட்டும், எச்சரிக்கையும் குடுக்கும். அவங்கிட்ட வர்ற ஸ்டார்ட்டர் போர்டுல இடில போனதுதான் அதிகமாம், மேகம் கட்டுனா ஆப்ப பாத்து மெயின ஆஃப் பண்ணிருங்கன்னு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கான். ஆப் ஸ்டோர்ல டாப் லிஸ்ட் பாத்திருந்தா இது என் கண்ணுல பட்டிருக்கவே பட்டிருக்காது.

நீங்க வாங்கறதா இருந்தா 4ஜி மோடம் இருக்கற மாடலா கேளுங்க, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, பழைய பெட்டில அந்த சிம் எடுக்காது. சிம்முக்கு பின் லாக் இருந்தா எடுத்துட்டு போடுங்க. எர்த் சரியா இல்லாம மாட்ட விடாதீங்க. வேளாண் பொறியியல் துறைல இதுக்கு மானியம் இருக்கான்னு பெட்டி வாங்குறதுக்கு முன்னாடியே போய் விசாரிங்க. அப்புறம் மொத நம்பரா உங்க அப்பா நம்பர பதிங்க, உங்களுது ரெண்டாவதா இருக்கட்டும், ஏன்னா பல மாடல்ல மொத நம்பருக்குத்தான் எல்லா காலும் வரும்.