பள்ளி டிரிப்புக்குப் பணம் கட்டாவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்களா?

இங்கிலாந்து அரசுப் பள்ளி என்றால், பள்ளி நேரத்தில் நடக்கும் பகல் டிரிப்புக்குப் பணம் கட்டாததால் உங்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. 1996 கல்விச் சட்டப்படி, பள்ளி நேரத்தில் நடக்கும் கல்விக்குக் கட்டணம் வாங்கக்கூடாது. டிரிப் நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ பள்ளி நேரத்துக்குள் வந்தால், அது முழுக்கப் பள்ளி நேரம்தான். பள்ளி நேரத்துக்குள் போய்வரும் நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அப்படியானால் பள்ளி அனுப்பும் கடிதத்தில் வரும் தொகை? அது விருப்ப நன்கொடை. கட்டாதவர்களின் பங்கை மற்ற பெற்றோர் தலையில் ஏற்றவும் கூடாது. ஆனால் போதிய பணம் சேராவிட்டால் டிரிப்பையே ரத்து செய்யலாம். அதனால் முடிந்தவர்கள் கட்டிவிடுவதே நல்லது என்பேன். உதாரணமாக, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவு இலவசம்தான். ஆனால் அங்கே போகும் பஸ் வாடகைக்குப் பணம் வேண்டுமே!

இரவு தங்கும் பயணம் வேறு. தங்கும் இடம், சாப்பாட்டுக்குப் பள்ளி பணம் கேட்கலாம். யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் பணம்) போன்ற உதவித்தொகை பெறுபவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதிலும் விலக்கு உண்டு, பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் பள்ளிகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது.

கையில் பணம் இல்லை என்பதற்காக அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடாதீர்கள். வகுப்பே போகும்போது அது மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.