இதய ஹார்மோனும் புராஸ்டேட் புற்றுநோயும்: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம் அன்பர்: இரத்தத்தைத் தள்ளும் இதயத்துக்கு ஹார்மோன் ஏதுங்க ஐயா? புராஸ்டேட் புற்றுசெல்லை அது என்ன செய்யும்?

பதில்: 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டு குழுவினர் எலிகளின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது, சிறுநீரில் உப்பும் நீரும் பெருகி வெளியேறி இரத்த அழுத்தம் தாழ்ந்தது. அந்தச் சாற்றில் இருந்ததே ஏ.என்.பி. (ஏட்ரியல் நேட்ரியூரெட்டிக் பெப்டைடு) ஹார்மோன். 126 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்புரதம் வெட்டுப்பட்டு, 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ.என்.பி.யும் வேறு சில துண்டுகளும் உண்டாகின்றன.

இனி புற்றுசெல்லுக்கு வருவோம். செல்லை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி, சேதி வாங்கும் புரதமான ஏற்பியில் பொருந்தியதும் ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் வரிசையாக முடுக்கப்பட, எர்க் உட்கருவுக்குள் புகுந்து செல் பிரிவதற்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. அமெரிக்காவின் டாம்பாவில் டேவிட் வெசலி குழுவினர் மனித புராஸ்டேட் புற்றுசெல்கள் வளரும் தட்டில் ஏ.என்.பி.யையும் அந்த வேறு துண்டுகளையும் சேர்த்தபோது, செல்களின் எண்ணிக்கையும் ராஸ், மெக், எர்க் ஆகியவற்றின் செயலும் குறைந்தன. காலிங்கராயன் வாய்க்காலில் தலைமடையை அடைத்தால் கடைமடை காய்வது போல, மேலிருக்கும் ராஸ் தணிந்தால் எர்க்கும் தணியும். ஆனால் நம் இரத்தத்தில் ஏ.என்.பி. பைக்கோமோலார் என்ற மிகமிக நுண்ணிய அளவில்தான் இருக்கிறது. தட்டில் இட்டதோ அதைப் போலப் பல லட்சம் மடங்குக்கும் மேல். தட்டில் நடந்தது தட்டோடு நிற்கட்டும்.

பெருந்துறை அன்பர்: என் பி.என்.பி. அளவு கூடியிருக்கிறது. புற்றுநோய் வராமல் காக்குமா?

பதில்: காக்காது. பி.என்.பி. என்பது ஏ.என்.பி.க்கு உடன்பிறப்பான இன்னொரு இதய ஹார்மோன். அது கூடுவது பெரும்பாலும் இதயம் திணறுவதன் அறிகுறி. இதய மருத்துவரைப் பாருங்கள்.

பொள்ளாச்சி அன்பர்: சாகுபிட்ரில் மாத்திரை இந்த ஹார்மோன் சிதையாமல் தடுக்குமாமே, புராஸ்டேட் புற்றுள்ள அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: சிதைவைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அது இதயச் செயலிழப்புக்கான மருந்து. மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கோவை ஆய்வு மாணவி: 2011இல் வந்த ஆய்வு, ஏ.என்.பி. பொருந்தும் ஏற்பி புராஸ்டேட் புற்றுசெல்களில் மிகுந்திருப்பதாகவும், அதை அடக்கினால் கட்டி குறைவதாகவும் சொல்கிறதே? தாங்கள் சொன்னதற்கு நேர்மாறாயிற்றே!

பதில்: இன்று வந்த கேள்விகளில் உருப்படியானது இதுதான், அம்மா. அந்த ஆய்வில் ஏற்பி இல்லாத எலிகளில் பொருத்திய கட்டி சரியாக வளரவில்லை. ஆனால் அங்கே ஏற்பியை இழந்தது எலியின் உடல். அதன் அழற்சியும் இரத்தக் குழாய்களும் மாறியிருந்தால் கட்டிக்கு ஊட்டமே குறைந்திருக்கும். வெசலி குழுவினரோ ஹார்மோனை அளவுக்கு மீறி ஊற்றிப் பார்த்தார்கள். ஒன்று ஏற்பியே இல்லாத நிலை, மற்றது ஹார்மோன் வெள்ளம். இவ்விரண்டையும் எதிரெதிர் முடிவுகளாக வைப்பது அவசரம். இருப்பினும், செல்லுக்குள்ளேயே ஏற்பியை அடக்கியபோதும் வளர்ச்சி குன்றியது என்ற பகுதிக்கு என் விளக்கம் பொருந்தாது. அங்கே உங்கள் பக்கம்தான் வலுவாக இருக்கிறது.

திருப்பூர் அன்பர்: இந்த ஹார்மோன் ஊசி எங்கே கிடைக்கும்?

பதில்: மூன்றாம் முறையாக இதே கேள்வி. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தன்று அது. புராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்தால் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் செல்லுங்கள். ஊசியைத் தேடிக் காலம் கடத்தாதீர்கள்.