எலி ஒளிருது சரி, மருந்து எங்கே?

இந்த முறை கடிதங்களில் முக்கால்வாசி எம்.ஃபார்ம் பிள்ளைகளுடையவை, தீசிஸ் நேரம் நெருங்கிவிட்டது போல. எல்லாம் ஒரே சோதனை பற்றித்தான்: மருந்துத் துகளில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து எலிக்கு ஏற்றி, அது எங்கே போகிறது என்று கேமராவில் பார்ப்பது. ஏற்காட்டிலிருந்து ஒருவர் மட்டும் வீட்டுக் கவலையை எழுதியிருக்கிறார், அவருக்கு முதலில்.

அம்மாவுக்கு லிப்போசோம் ஊசி (கொழுப்பாலான நுண்துகளில் மருந்தை அடைத்தது) போடுகிறார்கள். மருந்து கட்டிக்குப் போனதா என்று ஒளிரும் சாயப் படத்தில் பார்க்கலாமா? (ஏற்காடு)

முடியாதுங்க. சதைக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போவதற்குள் ஒளி சிதறித் தேய்ந்துவிடும். எலிக்குப் போதும், மனுஷ உடம்புக்குக் காணாது. சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டி சுருங்கியதா என்று டாக்டர் சொல்வார், அதையே கேளுங்கள்.

எலியின் வயிறு முழுக்க ஒளிர்கிறது. மருந்து குடலுக்குப் போய்விட்டதா? (ஓமலூர்)

என்ன தீவனம், எந்த அலைநீளம், ஒன்றையும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? தீவனத்தில் குதிரைமசால் இருந்தால் அதிலுள்ள பச்சையம் 670 நானோமீட்டர் பக்கம் தானாகவே ஒளிரும். குதிரைமசால் இல்லாத தீவனத்துக்கு ஒரு வாரம் மாற்றுங்கள், 800 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் சாயத்துக்கு மாறுங்கள். ஊசிக்கு முன்னால் ஒரு படம், வெறும் சாயம் மட்டும் ஏற்றிய எலி ஒன்று, இரண்டும் கட்டாயம்.

கறுப்பு எலியில் சிக்னலே வரவில்லை. (ஆத்தூர்)

முடியைச் சிரைக்கவில்லை, அவ்வளவுதான். சிரைத்தாலும் தோலில் ஒளியை விழுங்கும் மெலனின் நிறமித் திட்டுகள் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

லிப்போசோமில் டிஐஆர் (DiR) சாயத்தை ஏற்றினோம், 24 மணி நேரத்தில் கட்டி ஜொலித்தது. 'மருந்து இலக்கை அடைந்தது' என்று எழுதலாமா? (சூரமங்கலம்)

எழுதக் கூடாது. இதை எத்தனை தடவைதான் சொல்வது! ஜொலிப்பது சாயம். அது துகளோடு இருக்கிறதா, துகளுக்குள் மருந்து மிச்சமிருக்கிறதா, கேமராவுக்குத் தெரியாது. டிஐஆர் கொழுப்பில் ஒட்டுகிற ஜாதி. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீனைக் கண்டால் முதல் அலசலில் சாயம் போகிற புதுத் துணி மாதிரி கழன்று அதில் ஏறிக்கொள்ளும். துகளை சீரத்தில் போட்டு 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து, பிரிப்புக் குழாயில் (column) விட்டுப் பிரித்து, எவ்வளவு சாயம் கழன்றது என்று பார்த்தீர்களா? வெறும் சாயம் ஏற்றிய எலி எங்கே? அப்புறம் இன்னொரு வம்பு: சாய மூலக்கூறுகள் துகளுக்குள் நெருக்கியடித்து இருந்தால் ஒன்றின் ஒளியை இன்னொன்று மங்க வைத்துவிடும், துகள் உடைந்த பிறகுதான் பளிச்சென்று எரியும், ஆக நீங்கள் கொண்டாடுகிற அந்த வெளிச்சம் துகள் சிதைந்ததற்கு அடையாளமாகக்கூட இருக்கலாம். தோலுக்கடியில் வளர்த்த கட்டி மேலாக இருப்பதால் தூக்கலாகத் தெரியும், ஆழத்திலிருக்கும் கல்லீரல் மங்கித் தெரியும். உறுப்புகளை வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். கட்டியை அரைத்து எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) மருந்தை அளந்த பிறகு எழுதுங்கள். சுமார் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த கணக்கில், கட்டிக்குப் போனது ஏற்றிய அளவில் நடு மதிப்பாக (மீடியன்) ஒரு சதவீதம்கூட இல்லை. மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலும் மண்ணீரலும் தின்பதுதான். படத்துக்குப் படம் வண்ண அளவுகோலை மாற்றிக்கொண்டால் அதுவும் மறைந்துவிடும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) மனிதருக்கு அனுமதியான சாயம்தானே, அதைத் துகளில் அடைத்தால் அனுமதி சுலபமா? (அஸ்தம்பட்டி)

1959-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது தனிச் சாயம். துகளில் அடைத்தால் அது புது மருந்து, எல்லாச் சோதனையும் முதலிலிருந்து.

முழு புரோட்டோகாலும் நாளைக்குள் வேண்டும், அர்ஜெண்ட். (ஊர் பெயர் இல்லை)

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியாயிற்றா? அதை முதலில் எழுதுங்கள்.