உண்மை கண்டறியும் சோதனை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில், விடுதலையாகும் ஆபத்தான பாலியல் குற்றவாளிகளுக்கு 2014 முதல் பாலிகிராஃப் கருவியால் செய்யும் உண்மை கண்டறியும் சோதனை கட்டாயம். அமெரிக்காவில் பல இடங்களில் அது அவர்களுக்கான சிகிச்சையிலேயே சேர்ந்திருக்கிறது. நம் சிறைகளிலும் கொண்டுவந்தால் என்ன? மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சம்மதமின்றி யாருக்கும் இச்சோதனை கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அத்தோடு போகட்டும். உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில்.

எங்கள் விடுதியில் ஒருவனின் கைக்கடிகாரம் காணாமல் போனது. வார்டன் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் நெஞ்சிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் நெருங்கும்போதே என் பக்கத்தில் நின்றவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அடியும் அவனுக்குத்தான். கடிகாரம் பிறகு உரியவனின் பெட்டியிலேயே, சட்டை மடிப்புக்குள் கிடைத்தது. வீட்டில் தினமும் அடி வாங்கிய பையன் அவன். யார் கையை நீட்டினாலும் நெஞ்சு படபடக்கும். அவனிடம் போய்க் கேளுங்கள், என்ன பயம் என்று.

சோதனைக் கருவியும் அப்படித்தான். மார்பில் குழாய், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரலில் தகடு. மூச்சும் அழுத்தமும் வியர்வையும்தான் பதிவாகின்றன. எதனால் என்பது பதிவாவதில்லை. கருவிக்குப் பயந்து சிலர் மறைத்ததைச் சொல்லிவிடுகிறார்கள், உண்மைதான். அப்படி ஒரு குழந்தையின் துயரம் வெளிவந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலச் சிறையில் நடந்ததைப் பாருங்கள். பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சையில் சேர, வழக்குப் பதிவாகாத பழைய குற்றங்களையும் எழுதிக்கொடுத்து, கருவி முன் உட்கார வேண்டும்; எழுதியதை வைத்து வழக்குத் தொடரமாட்டோம் என்ற உறுதி கிடையாது. ராபர்ட் லைல் என்ற கைதி மறுத்தார். மறுத்தால் சலுகைகள் போகும், காவல் மிகுந்த சிறைப் பிரிவுக்கு மாற்றப்படுவார். 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சிறையின் பக்கம் நின்றது. இது சிகிச்சையா, விசாரணையா? இங்கிலாந்தின் சட்டமாவது, சோதனையில் ஒருவர் சொன்னதை அவருக்கே எதிரான குற்ற வழக்கில் சாட்சியமாக்கக் கூடாது என்கிறது.

உங்கள் கோபம் குழந்தைகளுக்காக என்று தெரியும், அதை மதிக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்: தோற்பவனைவிட, தேறிவிடுபவனைத்தான் நான் அஞ்சுகிறேன். பொய்யை நிதானமாகச் சொல்லப் பழகியவன் தேறிவிடலாம். கருவியே சொல்லிவிட்டது என்று கண்காணிக்கும் அதிகாரி அசட்டையாகிறார். வீட்டில் மனைவி நம்புகிறாள். குழந்தையை அவனிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறாள். அந்த அரை மணி நேரத்துக்கு எந்தக் கருவி பொறுப்பேற்கும்?

நம் சிறைகளில் இவர்களுக்கு மனநலச் சிகிச்சை என்று என்ன நடக்கிறது? அதை விசாரித்து எழுதுங்கள். கருவியைப் பற்றி அதன்பிறகு பேசுவோம்.