ஆபரேஷன் புண் ஆற: கேள்வி பதில்

அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபின் வரும் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

அம்மாவுக்கு வயது 58. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். பருப்பும் முட்டையும் சீழ் வைக்கும் என்று பெரியம்மா சொல்வதால் ரசம் சாதமும் இட்லியும்தான் கொடுக்கிறோம். சரியா சிஸ்டர்?

சரியில்லை. வார்டில் என்னை மிகவும் வருத்துவது இந்தப் பத்தியம்தான். சீழ் வைப்பது கிருமி, பருப்பு அல்ல. வெட்டிய இடத்தைச் சேர்த்துப் பிடிப்பது கொலாஜன் என்ற புரதம். சாப்பாட்டில் புரதம் இல்லாவிட்டால் உடம்பு அதை எதை வைத்துச் செய்யும்? இந்த நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. அம்மா 50 கிலோ என்றால் நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரசம் சாதத்தில் தேவையில் பாதிகூடத் தேறாது.

காலையில் முட்டை, மதியம் கெட்டிப் பருப்போடு மீனோ கோழியோ, சாயங்காலம் சுண்டல், ராத்திரி பால் என்று கொடுங்கள். சைவம் என்றால் பனீர், தயிர், சோயா. கொலாஜன் உருவாக வைட்டமின் சியும் வேண்டும். தினம் ஒரு கொய்யா போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மாவோடு சண்டை வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப் போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

அப்பாவுக்கு சர்க்கரை 280க்கு மேல். தையல் பிரித்தும் புண் ஈரமாகவே இருக்கிறது. ஆன்டிபயாடிக் மாற்றினால் ஆறுமா?

சர்க்கரை இறங்காமல் மருந்தை மட்டும் மாற்றிப் பெரிதாகப் பலன் இருக்காது. சர்க்கரை ஏறியிருந்தால் வெள்ளணுக்கள் கிருமியோடு சரியாகப் போராடாது. வார்டில் 180க்குக் கீழே வைக்கத்தான் பார்ப்போம். கொஞ்ச நாள் இன்சுலின் போடச் சொன்னால் பயப்பட வேண்டாம். புண் ஆறியபின் பலர் மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஈரம் நிற்கவில்லை என்பதால் சர்ஜனிடமும் உடனே காட்டுங்கள், கல்ச்சர் (புண்ணில் எந்தக் கிருமி இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டியிருக்கலாம்.

ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட் பிடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. நிக்கோட்டின் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புண்ணுக்குப் போவதே கொஞ்சம், அதிலும் குறைந்தால் எப்படி ஆறும்? இருமலும் சேர்ந்தால் வயிற்றுத் தையல் ஒவ்வொரு இருமலுக்கும் இழுபடும்.

சிசேரியன் தையல்மேல் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவலாமா? குளிக்கலாமா?

எதுவும் தடவ வேண்டாம். பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பின் மேலுக்கு ஊற்றிக் குளிக்கலாம், உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி. வயிற்று மடிப்புக்குள் தையல் போய் ஒளிந்துகொள்ளும், அங்கேதான் வியர்வை தேங்கும். குளித்ததும் படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இடுப்புக்கு மேல்வரை வரும் தளர்வான காட்டன் உள்ளாடை நல்லது.

வலியே இல்லை. எப்போது தண்ணீர்க் குடம் தூக்கலாம்?

வலி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வாரத்தில் தோல் மூடியிருந்தாலும் பழைய வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட வந்திருக்காது. மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், அதற்குமேல் வலு பெரிதாக ஏறாது. வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் குறைந்தது ஆறு வாரம் குடத்தைத் தொட வேண்டாம். மலச்சிக்கலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் தையலுக்கு அதே பாரம்தான்.

மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். புண் ஆறும்வரை நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கொடுத்த டாக்டரிடம் இன்றே பேசுங்கள்.

அண்ணனுக்கு வயிற்று ஆபரேஷன் ஆகி ஏழாம் நாள். இருமியதும் தையலிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கொட்டி, துணி நனைந்துவிட்டது. வலி, காய்ச்சல் இல்லை. நாளைக்குப் போகலாமா?

இப்போதே போங்கள். உள் அடுக்குத் தையல் விட்டிருந்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும். அண்ணனை முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்கள், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், உப்பு நீரில் (சலைன்) நனைத்த சுத்தமான துணியால் மூடி 108க்கு போன் செய்யுங்கள்.