முன்தேதியிட்ட சான்றிதழ் வேண்டாம்

கேள்வி: நான் மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு வரும் முதுகுவலி, தோல் நோய்கள், அவற்றுக்கு அவர்கள் எங்கே வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. 18 பேரிடம் பேசி முடித்த பிறகுதான், நெறிமுறைக் குழு (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் குழு) அனுமதி வேண்டும் என்று கைடு சொல்கிறார். எங்கள் கல்லூரியில் அப்படிக் குழுவே இல்லை. மாணவர்களுக்குக் காசுக்கு ஆய்வேடு செய்து தரும் ஒரு புராஜெக்ட் சென்டரில் 6,000 ரூபாய்க்கு முன்தேதியிட்டுச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். தொழிலாளர்கள் பேசுகிறார்கள், சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்றால் மட்டும் மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அதன் பிறகுதான்.

ஆய்வு தொடங்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். நடந்து முடிந்ததற்குப் பின்னால் அனுமதி என்று ஒன்று கிடையாது. 2019-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, உடல்நல ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்கள் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். எந்தக் குழு, அதன் பதிவு எண் என்ன, கூட்டம் நடந்த தேதி எது என்று அந்த சென்டரில் கேட்டுப் பாருங்கள்; பேச்சு மாறிவிடும்.

அவர்கள் சான்றிதழோடு நிற்க மாட்டார்கள். அடுத்து நிரப்பிய கேள்வித்தாள், அதற்கடுத்து 'பத்தே நாளில் ஜர்னலில் வரும்' என்பார்கள். நான் பல வருடம் குழுவில் உட்கார்ந்தவன். வெறும் நேர்காணல் ஆய்வுக்கு வந்த ஒரு சம்மதப் படிவத்தில், 'உங்கள் ரத்த மாதிரி பத்திரமாக வைக்கப்படும்' என்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. கேட்டதற்கு அதைக் கொண்டுவந்த மாணவி அழுதுவிட்டாள். பணம் வாங்கிக்கொண்டு அதைச் செய்து கொடுத்தவனோ போனையே எடுக்கவில்லை.

பேசி முடித்த 18 பேரின் தகவலை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். நடந்ததை விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதுங்கள். அவர்களிடம் பேசியதால் எந்தக் கேள்வி புரியவில்லை, எதற்குத் தயங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்துக் கேள்வித்தாளைத் திருத்துங்கள். உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், குழு உள்ள வேறொரு நிறுவனத்தோடு உங்கள் துறை எழுத்துப்பூர்வ ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதற்குக் கைடும் துறைத் தலைவரும்தான் நடக்க வேண்டும். மாணவியை அலையவிடக் கூடாது.

இனி கையெழுத்து. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் வாய் தவறி 'சாக்கடைக்குள்ள இறங்கினேன்' என்று சொன்னால், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறங்கியிருந்தால், அது கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த வேலை. இறக்கியவர்தான் குற்றவாளி, ஆனால் மறுநாள் வேலை போவது சொன்னவருக்கு. அதனால்தான் 'வெறும் கேள்வி கேட்கிற ஆய்வுதானே, குழு அனுமதியிலிருந்து விலக்கு உண்டு' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் ஒரு வழி இருக்கிறது. பலருக்கும் அது தெரிவதில்லை, தெரிந்தவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், படிக்கத் தெரிந்த ஒரு நடுநிலைச் சாட்சி முன்னால் படிவத்தை வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கலாம். பங்கேற்கச் சம்மதம், ஆனால் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க மனமில்லை என்றால், வாய்மொழிச் சம்மதம் போதும். அப்போது அந்தச் சாட்சி கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வேண்டும். வீடியோ எடுத்தும் வைக்கலாம் என்று இருக்கிறது. கையெழுத்துக்கே பயப்படுகிறவரிடம் கேமராவை நீட்டாதீர்கள். இதையெல்லாம் நீங்களாகச் செய்துவிட முடியாது. ஏன் தேவை என்று காரணம் எழுதி, குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். அசாதாரணமான சூழலுக்குத்தான் இந்த வழி. 'படிவம் அடிக்க நேரமில்லை' என்பது காரணம் ஆகாது. 'கையெழுத்திட்ட தாள் மேஸ்திரி கையில் கிடைத்தால் வேலை போகும்' என்பது காரணம்.

அந்த மேஸ்திரியைச் சாட்சியாக வைத்துவிடாதீர்கள். 'நானே இருபது பேரை வரிசையாகக் கூட்டி வர்றேன்' என்பார். நேரம் மிச்சம் என்று தோன்றும். அவர் கூட்டி வந்தவர் எப்படி முடியாது என்று சொல்வார்? அவர் அனுமதி உள்ளே நுழையத்தான் உதவும், தொழிலாளியின் சம்மதம் ஆகாது. வேலை முடிந்த பிறகு, அவர்கள் சொல்லும் இடத்தில் பேசுங்கள். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

குழுக்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. உங்கள் செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும், குழு மாதக்கணக்கில் கூடாது. தமிழில் பேசப்போகும் ஆய்வுக்கு ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விண்ணப்பம் கேட்பார்கள். இந்தத் தாமதம்தான் தரகர்களை வளர்க்கிறது. ஆனாலும் காத்திருங்கள். கைடிடம் கால நீட்டிப்புக் கடிதம் கேளுங்கள்.

கேள்வித்தாளில் இதையும் சேருங்கள்: சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா, அட்டை கையில் இருக்கிறதா? மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கான திட்டம் அது; தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் வசூலிக்கிறார்கள். பணம் பிடித்தும் அட்டை வராதவர்களிடம், ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.